எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகத்துப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெதெஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை விளையாட்டுகளில் டாம்ரியல் என்று ஒரு கற்பனைக் கண்டம். அங்கே வீட்டுக்கு வீடு, குகைக்குக் குகை புத்தகங்கள் கிடக்கின்றன. எடுத்தால் திறக்கும், திறந்தால் உள்ளே உண்மையிலேயே படிப்பதற்கு எழுத்து இருக்கும். அவற்றைப் பற்றி விளையாடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கதையின் முடிச்சுகள் சில அவிழும். இன்னும் விளையாடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

இந்தப் புத்தகங்கள் எந்த விளையாட்டில் தொடங்கின?

1994-இல் வந்த அரீனாதான் வரிசையில் முதல் விளையாட்டு. ஆனால் புத்தகங்களைக் கையில் எடுத்துப் படிக்கும் வழக்கம் 1996-இல் வந்த டாகர்ஃபாலில்தான் பிறந்தது. அதன்பின் மாரோவிண்ட் (2002), ஒப்லிவியன் (2006), ஸ்கைரிம் (2011), இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் (2014) என்று ஒவ்வொன்றும் பழைய புத்தகங்களில் பலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு புதியவற்றைச் சேர்த்தது. டாகர்ஃபாலில் படித்த ஒரு கதையை பதினைந்து ஆண்டு கழித்து ஸ்கைரிமில் ஒரு கொள்ளைக்காரனின் மேசையில் பார்க்க முடிகிறது. மற்ற விளையாட்டுகளில் புத்தகம் பெரும்பாலும் அலமாரியை நிரப்பும் பொம்மை. இங்கே அதற்கு ஆசிரியர் உண்டு, பாகங்கள் உண்டு, மறுபதிப்புகூட உண்டு.

படிக்காமல் விளையாடினால் ஏதாவது இழப்பா?

கதையை முடிக்க எந்தத் தடையும் இல்லை. படித்தே ஆகவேண்டிய இடங்கள் மிகக் குறைவு. ஆனால் படிக்கப் பிடிக்காதவரும் திறந்து பார்க்கும்படி ஒரு தூண்டில் வைத்திருக்கிறார்கள்: சில புத்தகங்களைத் திறந்தாலே போதும், ஏதாவது ஒரு திறன் ஒரு படி உயரும். ஸ்கைரிமில் 18 திறன்கள், திறனுக்கு 5 புத்தகங்கள், மொத்தம் 90. ஒரு எழுத்துகூடப் படிக்காமல் மூடிவிட்டாலும் பலன் கிடைத்துவிடும்.

இன்னொன்று: பிறர் வீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டால்தான் திருட்டு. நின்ற இடத்திலேயே திறந்து படித்துவிட்டு வைத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், திறனும் உயர்ந்துவிடும். மந்திரம் கற்றுத்தரும் நூல்கள் மட்டும் விதிவிலக்கு; ஸ்கைரிமில் அவற்றைப் படித்ததும் புத்தகமே மறைந்துவிடுகிறது.

எந்தப் புத்தகம் எந்தத் திறனை உயர்த்தும் என்பதிலும் ஒரு குறும்பு உண்டு. 'எ கேம் அட் டின்னர்' என்பது ஓர் ஒற்றன் தன் எசமானருக்கு எழுதும் கடிதம். இளவரசன் ஹெல்செத் விருந்துக்கு அழைக்கிறான். பாதிச் சாப்பாட்டில், துரோகியின் கரண்டியிலும் கத்தியிலும் நஞ்சு தடவியிருக்கிறது என்றும் நடுவில் இருக்கும் பாத்திரத்தில் மாற்று மருந்து இருக்கிறது என்றும் அறிவிக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு ஒன்று குறுகுறுத்து, பாய்ந்து சென்று பாத்திரத்தைக் குடிக்கிறது. நஞ்சு இருந்ததே அந்தப் பாத்திரத்தில்தான். ஸ்கைரிமில் இதைப் படித்தால் உயரும் திறன், மருந்தும் நஞ்சும் காய்ச்சும் ரசவாதம்.

ஒரே சம்பவத்தை இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எது உண்மை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விளையாட்டை உருவாக்கியவர்கள் கவனக்குறைவாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துப் பலர் கேட்கிறார்கள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த உலகில் எந்தப் புத்தகத்தையும் கடவுள் எழுதவில்லை. கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் எழுதியது இருக்கிறது, அதை நம்பவே கூடாது. அவரைப் பற்றிப் பிறகு.

மாரோவிண்டின் மையத்தில் இருப்பது ஒரு பழைய மரணம். டன்மர் என்ற எல்ஃப் இன மக்களின் தலைவன் நெரெவர் சிவப்பு மலைப் போருக்குப் பிறகு இறந்துபோனான். எப்படி? போரில் பட்ட காயத்தால் இறந்தான் என்கிறது அரசுக் கோயில். அவனுடைய மூன்று ஆலோசகர்கள் கூடிக் கொன்றுவிட்டு, அவன் விலக்கிவைத்த ஒரு சக்தியைத் திருடித் தங்களைத் தெய்வமாக்கிக்கொண்டார்கள் என்கிறார்கள் ஆஷ்லாண்டர் நாடோடிகள். நெரெவரின் தோழன் அலாண்ட்ரோ சுல் வழியாக வாய்மொழியாய் வந்த கதை அது. அந்த மூவரில் ஒருவரான விவெக் சொன்னதாக மூன்றாவதாக ஒரு பதிவும் இருக்கிறது. அதில் சத்தியத்தை மீறினோம் என்ற ஒப்புதல் உண்டு, கொன்றோம் என்ற பேச்சு இல்லை. மூன்றும் விளையாட்டில் கிடைக்கின்றன. மூன்றையும் படித்துவிட்டு விவெக்கின் எதிரிலேயே போய் நின்று கேட்கலாம். அவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். தீர்ப்பு என்று ஒன்று கடைசிவரை வருவதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, புத்தகம் கிடைக்கும் இடமே சாட்சியாக இருப்பது. கோயிலின் பதிப்பு எங்கும் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும். கோயிலை விட்டு விலகிய குருமார்கள் எழுதிய 'ப்ராக்ரஸ் ஆஃப் ட்ரூத்' தடைசெய்யப்பட்ட நூல். அதைத் தேட வேண்டும். விவெக்கின் பெயர் தாங்கிய நகரத்தின் வெளிநாட்டார் பகுதியில் ஜொபாஷா என்ற பூனை இனத்துக் கடைக்காரர் அரிய நூல்கள் விற்கிறார், அவரிடம் கிடைக்கும். கோயில் நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்தக் குருமார்களுக்கு உதவும் மெஹ்ரா மீலோ பிறகு சிறைப்படுகிறார். ஒரு புத்தகத்துக்காக ஆள் சிறைக்குப் போகிறார் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றும்.

டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள் இருந்தனவே. எது நடந்ததாகக் கணக்கு?

எல்லாமும். டாகர்ஃபாலின் கடைசியில் நுமிடியம் என்ற மாபெரும் இயந்திர மனிதனை இயக்கும் பொருள் நம் கையில் இருக்கும். அதை எந்த அரசரிடம் கொடுக்கிறோம், அல்லது வேறு யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அடுத்த விளையாட்டுக்கு ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்தால் மற்ற முடிவுகளை எடுத்தவர்களின் உழைப்பு வீண்.

பெதெஸ்டா அதற்குப் புத்தகங்களை வைத்தே வழி கண்டது. காலம் சில வேளை உடையும், அப்போது ஒன்றுக்கொன்று முரணானவை எல்லாம் ஒருசேர நடக்கும் என்ற கருத்தை மாரோவிண்டின் நூல்களில் விதைத்தார்கள். ஒப்லிவியனில் உல்வியஸ் டெரோ என்ற கற்பனை ஆசிரியரின் 'தி வார்ப் இன் தி வெஸ்ட்' வந்தது. டாகர்ஃபால் கதை நடக்கும் இலியாக் வளைகுடாவில் இருந்த 44 சிற்றரசுகள் ஓரிரு நாளில் நான்காகிவிட்டன, நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று அதில் வருகிறது. சாமர்த்தியமான தப்பித்தல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் நெருக்கடியை இவ்வளவு அழகாகக் கதையாக்கியது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

விவெக்கின் 36 பாடங்களில் ரகசியச் செய்தி இருக்கிறதாமே?

இருக்கிறது. 'தி 36 லெசன்ஸ் ஆஃப் விவெக்' மாரோவிண்டில் சிறுசிறு நூல்களாகச் சிதறிக் கிடக்கும். எழுதியவர் மைக்கேல் கிர்க்பிரைட். விளையாட்டுக்குள் விவெக்கே எழுதியதாகக் கணக்கு. முட்டைக்குள் பேசும் குழந்தை, வினோதத் திருமணங்கள், அரக்கர்களோடு சண்டை என்று புராணமும் பிதற்றலும் கலந்த நடை. பாதி புரியாது. புரியவில்லை என்பதற்காக வருந்தவும் வேண்டாம்.

29-ஆம் பாடம் எண்களின் பட்டியலாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு பாடத்துக்கு உரியது; அந்தப் பாடத்தில் அத்தனையாவது சொல்லை எடுத்து வரிசையாக வைத்தால் வாக்கியங்கள் கிடைக்கும். அவர் பிறப்பால் தெய்வம் இல்லை, விதி அவரை இந்தக் குற்றத்துக்குத் தள்ளவில்லை, தானே விரும்பித் தேர்ந்தார், தெய்வத்தன்மையைத் திருடினார், நெரெவரைக் கொன்றார். கடைசியில், இதை எழுதியது விவெக் என்று கையெழுத்து வேறு. நேரில் கேட்டால் மழுப்புகிறவர் தன் புகழ் பாடும் நூலிலேயே வாக்குமூலத்தைப் புதைத்து வைத்திருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது தெரிந்தே கத்திய தவளை.

முந்தைய கேள்விக்கு இது தீர்ப்பாகாதா என்று கேட்கலாம். ஆகலாம். ஆனால் பொய்யர் என்று தெரிந்த ஒருவர் ஒளித்துவைத்தார் என்பதற்காக அது உண்மையாகிவிடுமா? இரண்டு பக்கமும் வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விளையாட்டு நகர்வதற்குப் படித்தே ஆகவேண்டிய புத்தகம் எது?

ஒப்லிவியனில் வரும் 'மிதிக் டான் கமென்டரீஸ்', நான்கு பாகங்கள். பேரரசரைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் மேன்கார் கமோரன் எழுதியது. முதல் இரண்டு பாகங்கள் எளிதில் கையில் கிடைத்துவிடும். மூன்றாவது பாகத்தைப் பேரரசு நகரின் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' புத்தகக் கடையில் க்வினாஸ் என்பவர் சொல்லிவைத்திருக்கிறார். அவரிடம் பேசியோ வேறு வழியிலோ பெறவேண்டும். நான்காவதை, நகரத்துக்குக் கீழே சாக்கடைச் சுரங்கத்தில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஆளைச் சந்தித்துத்தான் பெற முடியும்.

நான்கையும் வரிசையாகத் திறந்து ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் பாருங்கள். அது மட்டும் பெரிதாக, பூவேலையோடு இருக்கும். முதல் பாகத்தின் எழுத்துகள் சேர்ந்து 'கிரீன் எம்பரர்' ஆகின்றன. அடுத்த பாகங்களிலிருந்து 'வே', 'வேர் டவர்', 'டச்சஸ்', 'மிட்டே சன்' என்று நீள்கிறது: கோபுரம் நண்பகல் சூரியனைத் தொடும் கிரீன் எம்பரர் வீதி. அரண்மனையைச் சுற்றி இருக்கும் கல்லறைத் தோட்டம் அது. சரியாக நண்பகலில் அங்கே போய் நின்றால் இளவரசர் கமாரிலின் கல்லறையில் செந்நிறத்தில் ஒரு வரைபடம் ஒளிரும். அது காட்டும் ஏரியஸ் ஏரிக் குகையில்தான் கூட்டத்தின் மறைவிடம்.

பொறுமை இல்லாதவர்களுக்காக மந்திரப் பல்கலைக்கழகத்தின் அறிஞர் டார்-மீனா இந்தப் புதிரை அவிழ்த்துச் சொல்லிவிடுவார். சிறிது நேரம் கழித்து வரச்சொல்வார், அவ்வளவுதான். முடிந்தால் அவரிடம் போகாதீர்கள். அந்தப் பெரிய எழுத்துகளை அதுவரை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போயிருப்போம். அவை வாக்கியமாகச் சேரும் நேரம் இந்த விளையாட்டில் வாள்வீச்சு எதிலும் கிடைக்காத இன்பம்.

'தி ரியல் பாரென்சையா' தணிக்கை செய்யப்பட்டதா?

ஆம். மாரோவிண்ட் என்ற நாட்டின் அரசியாக இருந்த பாரென்சையாவின் இளமைக் கதை இது. டாகர்ஃபால் பதிப்பில் திருடர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனோடு வரும் ஒரு காட்சி பச்சையாக எழுதப்பட்டிருந்தது. மாரோவிண்ட் முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

இதன் சுவை வேறு இடத்தில் இருக்கிறது. அதே அரசியின் அதிகாரபூர்வ வரலாறு ஒன்றும் விளையாட்டில் உண்டு, அரசவை எழுத்தர் எழுதியது. அதில் அவர் பெற்றோரை இழந்த நல்ல பெண், பொறுப்பான அரசி. 'ரியல்' நூலில் ஓடிப்போனவர், திருடியவர், பேரரசரின் ஆசைக்கு ஆளானவர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எதை எப்படி வெள்ளையடித்திருக்கிறார்கள் என்று பத்திக்குப் பத்தி தெரியும். மாரோவிண்டின் ட்ரைபியூனல் விரிவாக்கத்தில் மோர்ன்ஹோல்ட் அரண்மனைக்குப் போனால் வயதான பாரென்சையாவைப் பார்க்கலாம். அவருடைய நிழலிலேயே அந்த 'அவதூறு' நூலை எழுதிய பிளிட்டினியஸ் மெரோவும் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருப்பார். யார் சொல்லி எழுதினார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்கைரிமின் உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் சேரலாம் என்று புத்தகம் சொல்லுமா?

சொல்லாது, குழப்பும். நல்லதற்குத்தான். 'தி பேர் ஆஃப் மார்கார்த்' கிளர்ச்சித் தலைவன் உல்ஃப்ரிக் ஸ்டார்ம்கிளோக்கைக் கொடூரன் என்கிறது. எழுதியவர் பேரரசு சார்பான அறிஞர். 'நார்ட்ஸ் அரைஸ்' கிளர்ச்சிக்காரர்களின் துண்டுப் பிரசுரம், அதன் தொனியைச் சொல்ல வேண்டியதில்லை. 'தி டலோஸ் மிஸ்டேக்', மனிதனாக இருந்து தெய்வமான டலோஸின் வழிபாட்டைத் தடைசெய்தது ஏன் சரி என்று விளக்குகிறது. ஆசிரியர் பெயருக்குக் கீழே அவருடைய பதவியைப் பாருங்கள், தடை கேட்ட எல்ஃப் அரசோடு பேரரசின் சார்பில் தொடர்பு வைத்திருக்கும் அதிகாரி.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. முதன்மைக் கதையில் அந்த எல்ஃப் அரசை ஆளும் தால்மோர் கூட்டத்தின் தூதரகத்துக்குள் விருந்தாளி வேடத்தில் நுழையும் கட்டம் வரும். அங்கே உல்ஃப்ரிக்கைப் பற்றிய ரகசியக் கோப்பு ஒன்று இருக்கும். பெரும் போரில் அவன் சிறைப்பட்டான், விசாரிக்கப்பட்டான். அவன் சொன்ன தகவலால்தான் தலைநகரம் விழுந்தது என்று அவனை நம்பவைத்தார்கள். உண்மையில் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நகரம் விழுந்துவிட்டது. பிறகு தப்பித்ததுபோல் விட்டுவிட்டார்கள். இவ்வளவையும் கோப்பு அலுவலக நடையில், எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொல்கிறது. கிளர்ச்சி வென்றாலும் தங்களுக்கு ஆகாது, போர் இழுத்துக்கொண்டே போகவேண்டும் என்பதுதான் திட்டம். குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கிறவர்களின் கணக்குப் புத்தகம்.

பலர் அந்த அறையில் சண்டையிட்டுவிட்டு, வேண்டிய சாவியையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நின்று படியுங்கள். போரில் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அதற்குப் பிறகு மனம் உறுத்தும்.

புத்தகத்தில் படித்த ஆட்களை நேரில் பார்க்க முடியுமா?

சிலரை. 'தி உல்ஃப் குயீன்' என்ற எட்டுப் பாக நூல் பொடேமா அரசியின் வாழ்க்கை, பேரரசையே பிளவுபடுத்தியவள். ஸ்கைரிமின் சாலிட்யூட் நகருக்கு அருகே ஒரு குகையில் அவளை எழுப்பச் சடங்கு செய்கிறவர்களைத் தடுக்கும் வேலை நமக்கு வரும். எட்டுப் பாகத்தையும் படித்தவருக்கு அந்தக் குரல் கேட்கும்போது ஏற்படும் நடுக்கம் படிக்காதவருக்கு இல்லை.

'இம்மார்ட்டல் பிளட்' இன்னும் கச்சிதம். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் மோவார்த் என்பவன் ஒரு குருவிடம் பேசிக்கொண்டிருக்கிறான். எங்கெங்கே என்னென்ன வகைக் காட்டேரிகள் என்று அவர் சொல்லித் தருகிறார். முடிவில் குரு யார் என்று தெரியும்போது கதை நின்றுவிடும். மோவார்த் என்ன ஆனான் என்று நூலில் இல்லை. ஸ்கைரிமில் மோர்தல் ஊரின் சதுப்பு நிலக் குகை ஒன்றில் இருக்கிறது பதில்.

எல்லோரும் சிரிக்கும் அந்த 'ஆர்கோனியன் மெய்ட்' என்ன?

பல்லி இனப் பணிப்பெண்ணும் முதலாளியும் இரட்டை அர்த்தத்தில் பேசிக்கொள்ளும் நாடகத் துண்டு. ஈட்டியைத் துடைப்பது, ரொட்டி சுடுவது என்று போகும். விளையாட்டுக்குள் இதை எழுதியவர் மாரோவிண்டின் ஹிலாலு குடும்பத்து அவை உறுப்பினர் கிராசியஸ் கூரியோ. இவரிடம் ஆதரவு கேட்டுப் போனால், 'கிராசியஸ் மாமா' என்று கொஞ்சிக்கொண்டு ஆடையைக் களையச் சொல்லுவார். நூலைவிட ஆசிரியர் மோசம். ஒரு சில்லறைச் சிரிப்புக்காக எழுதியது வரிசையின் ஆகப் புகழ்பெற்ற நூலாகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

புத்தகம் தவிர நாடகம், செய்தித்தாள், விளையாட்டு ஏதாவது உண்டா?

மூன்றும் உண்டு. 'தி ஹாரர் ஆஃப் காசில் ஷிர்' ஓரங்க நாடகம். புத்தகமாகக் கிடைக்கிறது, மோர்ன்ஹோல்ட் சந்தையில் ஒரு குழு அதை மேடையேற்றவும் செய்கிறது. முக்கிய நடிகர் காணாமல்போக, கிளாவிடஸ் என்ற பாத்திரத்தில் நம்மை நடிக்கச் சொல்லுவார்கள். வசனப் பிரதியைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுவார்கள். மேடையில் சரியான வசனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் கூட்டம் முகம் சுளிக்கும். நாடகத்தினூடே கொலை முயற்சியும் உண்டு. ஒரு விளையாட்டில் கூச்சத்தோடு மேடையேறிய அனுபவம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்தித்தாள் ஒப்லிவியனில்: 'பிளாக் ஹார்ஸ் கூரியர்'. நாம் செய்யும் காரியங்களைத் தொட்டுப் புதிய பதிப்புகள் வரும்.

சீட்டாட்டம் 2022-இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனின் ஹை ஐல் பகுதியோடு வந்தது. பெயர் டேல்ஸ் ஆஃப் ட்ரிப்யூட், அந்த உலகத்து மதுக்கடைகளில் ஆடப்படுவது.

பாட்டு வேண்டுமென்றால் ஸ்கைரிமின் பாணர் கல்லூரிக்குப் போங்கள். ஓலாஃப் அரசனைப் பற்றிய பழைய பாடலைக் கல்லறையிலிருந்து எடுத்துவரச் சொல்லுவார்கள். கிடைக்கும் பிரதியில் பல வரிகள் அழிந்திருக்கும். கல்லூரித் தலைவர் வியார்மோ நம்மையும் உட்காரவைத்து விடுபட்ட வரிகளைப் புனைவார், அதையே அவையில் பாடியும் காட்டுவார். இந்த உலகத்தில் வரலாறு எப்படித் தயாராகிறது என்று நம் கையாலேயே காட்டிவிடுகிறார்கள்.

ஓக்மா இன்ஃபினியம் என்ற நூலை எத்தனை முறை படிக்கலாம்?

ஒரு முறை. ஸ்கைரிமில் ஹெர்மேயஸ் மோரா என்ற அறிவுத் தெய்வம் தரும் நூல் இது. வீரம், மறைவு, மாயம் என்ற மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தால் ஆறு திறன்கள் ஐந்து ஐந்து படி உயரும், நூல் போய்விடும். வீட்டு அலமாரியில் வைத்து எடுத்து மீண்டும் மீண்டும் படிக்கும் குறுக்குவழி ஒரு காலத்தில் வேலை செய்தது, 1.9 பதிப்பில் அடைத்துவிட்டார்கள்.

ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். எதிலிருந்து தொடங்கலாம்?

இந்த விளையாட்டுகளுக்குத் தமிழ்ப் பதிப்பு இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். முன்பு சொன்ன 'எ கேம் அட் டின்னர்' சிறியது, எளியது. அடுத்து 'எ டான்ஸ் இன் ஃபயர்', ஏழு பாகங்கள்: வேலை போன குமாஸ்தா டெகுமஸ் ஸ்காட்டி, போரில் சிதைந்த காட்டு நாட்டில் கட்டுமான ஒப்பந்தம் பிடிக்கப் போய்ப் படும் பாடு. ஆசிரியர் வாகின் ஜார்த், 'தி உல்ஃப் குயீன்' எழுதிய அதே கற்பனை எழுத்தாளர். இந்த உலகத்தின் வெகுஜன எழுத்தாளர் என்றால் இவர்தான். வீரர்களை விட்டுவிட்டு ஒரு குமாஸ்தாவை நாயகனாக்கியதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

பிறகு '2920', முதல் யுகத்தின் கடைசி ஆண்டைப் பற்றிய பன்னிரண்டு பாக வரலாற்று நாவல், மாதத்துக்கு ஒரு பாகம். விவெக்கின் பாடங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்கு வெளியே இவற்றைப் படிக்க வழி உண்டா?

உண்டு. ரசிகர்கள் நடத்தும் தி இம்பீரியல் லைப்ரரி தளத்தில் நூல்கள் முழுமையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. 1995 முதல் இயங்கும் யு.இ.எஸ்.பி. (அன்அஃபிஷியல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் பேஜஸ்) தளத்தில் எந்த நூல் எங்கே கிடக்கிறது என்பதுவரை இருக்கிறது. ஸ்கைரிம் நூல்களை மூன்று தொகுதிகளாக 2015 முதல் டைட்டன் புக்ஸ் அச்சிலும் கொண்டுவந்தது. 1998-இல் வந்த ரெட்கார்ட் விளையாட்டின் பெட்டிக்குள்ளேயே பேரரசைப் பற்றிய கைநூல் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் பேரரசின் பிரசாரம்தான், ஓரங்களில் ஒரு எல்ஃபின் எரிச்சலான குறிப்புகளோடு.

கிர்க்பிரைட் நிறுவனத்தை விட்டு விலகிய பிறகு இணையத்தில் எழுதிய துணுக்குகள் கணக்கில் சேருமா என்று ஒரு வழக்கு ரசிகர்களிடையே ஓயாது. விளையாட்டுக்குள் இருப்பதே ஒன்றையொன்று மறுக்கும்போது, வெளியே இருப்பதற்கு மட்டும் முத்திரை கேட்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

வரிசையின் பெயரே எல்டர் ஸ்க்ரோல்ஸ். அந்தச் சுருள்களைப் படிக்க முடியுமா?

சாதாரணமாக முடியாது. படிக்கப் பயிற்சி பெற்றவர்கள் விட்டில்பூச்சி மடத்துக் குருமார்கள். படிக்கப் படிக்கப் பார்வை போகும் என்று தெரிந்தே படிக்கிறவர்கள். ஸ்கைரிமின் டான்கார்ட் விரிவாக்கத்தில் டெக்சியன் என்ற குரு உரிய முன்னேற்பாடு இல்லாமல் படித்துக் கண்ணை இழக்கிறார். நாம் பையிலிருந்து எடுத்துத் திறந்தால் வட்டமும் கோடுமாக ஏதோ தெரியும், சிறிது நேரம் கண் கூசித் திரை மங்கும். மலை உச்சியில் காலம் கிழிந்த இடத்தில் அது பழைய காட்சி ஒன்றைக் காட்டும்.

வேலை முடிந்ததும் அதை விண்டர்ஹோல்ட் கல்லூரி நூலகர் ஊராக் க்ரோ-ஷூபிடம் 2,000 பொற்காசுக்கு விற்கலாம். எடை 20, சுமக்கக் கஷ்டம் என்று உடனே விற்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: டான்கார்ட் கதைக்கு அதே சுருள் மறுபடி தேவைப்படும். அப்போது அவரிடமே போய்க் கூடுதல் விலை கொடுத்து மீட்க வேண்டியிருக்கும்.